முன்னால் நிற்பவரைப் பாருங்கள்: குழு பெல்லி டான்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு பெண்கள் அகலமான பாவாடை சுழல ஒரே நேரத்தில் திரும்பி, ஒரே நேரத்தில் கையை உயர்த்துகிற வீடியோவைப் பார்த்தால் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பாட்டையே அவர்கள் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டிருக்கலாம். அடுத்த ஸ்டெப் என்ன என்பதை முன்னால் நிற்பவர் ஆடும்போதே முடிவு செய்கிறார், மற்றவர்கள் அவர் உடம்பைப் பார்த்தே பின்தொடர்கிறார்கள். 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் கரோலீனா நெரிச்சியோ தொடங்கிய ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ் குழு வளர்த்த முறை இது. அமெரிக்கன் ட்ரைபல் ஸ்டைல் என்றே பல வருடம் அழைத்தார்கள். 2020-இல் அந்தப் பெயரை விட்டுவிட்டு, குழுவின் பெயரிலுள்ள ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எஃப்சிபிடி ஸ்டைல் என்று மாற்றினார்கள்.

கற்க வருபவர்கள் செய்கிற பெரிய தவறு, இதையும் மற்ற டான்ஸ் போல வரிசையாக மனப்பாடம் செய்வது. இதற்கு அப்புறம் அது, அதற்கு அப்புறம் இது என்று மனதில் பதிந்துவிட்டால், லீடர் வேறொன்றை எடுக்கும்போது கால் அப்படியே நின்றுவிடும். ஒரு ஸ்டெப்பைக் கற்கும்போது மூன்று விஷயங்களைச் சேர்த்தே கற்க வேண்டும்: அசைவு, அது எத்தனை தாள எண்ணிக்கை, அதற்கு முன்னால் வரும் சைகை. சைகை என்றால் தனியாகக் காட்டுகிற ஜாடை இல்லை. கை கொஞ்சம் முன்னதாக எழும், தலை திரும்பும், எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும், அவ்வளவுதான். எட்டு எண்ணிக்கை முடியப்போகும் நேரத்தில் அது தெளிவாகத் தெரிந்தால் பின்னால் இருப்பவர்கள் அடுத்த ‘ஒன்று’க்குத் தயாராகிவிடுவார்கள். ‘ஒன்று’ வந்த பிறகு கையைத் தூக்கினால் மூன்று பேரும் அரை நொடி தாமதமாகத்தான் வருவார்கள், பார்ப்பவர்களோ அவர்களுக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று நினைப்பார்கள். தவறு லீடருடையது! புதிதாக லீட் செய்பவர்கள் தெரிந்த எல்லாவற்றையும் ஒரே பாட்டில் கொட்டிவிடப் பார்ப்பார்கள். வேண்டாம், ஒரு ஸ்டெப்பை மூன்று நான்கு தடவை ஆடவிட்டு மெதுவாக மாற்றுங்கள், அப்போதுதான் பார்க்கிறவர் கண்ணுக்கும் அது பதியும்.

அடுத்தது நிற்கிற கோணம். எல்லோரும் சற்றே இடப்பக்கம் சாய்வாகத் திரும்பி நிற்க, லீடர் இடது முன்மூலையில் நிற்பார். அசைவுகளில் பெரும்பாலானவை வலது இடுப்பிலும் வலது கையிலும் இருப்பதால் அப்படி நின்றால்தான் பின்னால் இருப்பவர்களுக்கு அவை தெரியும். நேராகப் பார்வையாளர்களை நோக்கி நின்றுவிட்டு “எனக்கு சைகையே தெரியல” என்பது வகுப்பில் அடிக்கடி கேட்கிற புகார். இதில் ஆசிரியர்களுக்கும் பங்கு இருக்கிறது. மாணவர்களைப் பார்த்து நின்று எதிரெதிராகச் சொல்லிக்கொடுத்தாலும், சுவர்க் கண்ணாடி முன்னாலேயே எப்போதும் ஆடவிட்டாலும், மாணவர்களுடைய கண் கடைசிவரை தன் உருவத்தை விட்டு நகராது. கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்துப் பாருங்கள், யார் உண்மையில் பின்தொடர்கிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆசிரியரே வருடக்கணக்கில் லீடராக நிற்பதுதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. நாலு ஸ்டெப் தெரிந்த உடனே ஒவ்வொருவரையும் முன்னால் நிறுத்த வேண்டும், தடுமாறினாலும் சரி. லீட் கைமாறும்போது இருவர் கண்ணும் சந்திக்கும், ஒருவர் விலக இன்னொருவர் ஏற்பார். இந்த டான்ஸின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பின்னால் இருக்கும்போது தனக்குத் தோன்றுகிற அழகான கைவீச்சைச் சேர்க்காமல் இருப்பதும் திறமைதான்.

ஜில் என்கிற விரல் ஜால்ராவைக் கடைசியில் கற்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போட்டால் அது வராமலே போகும். பெருவிரலிலும் நடுவிரலிலும், நகத்துக்கும் முதல் மூட்டுக்கும் நடுவில், எலாஸ்டிக் இறுக்கமாக இருக்கும்படி மாட்டி, வலது-இடது-வலது என்று தட்டிக்கொண்டே நடந்து பழகுங்கள். வீட்டில் சத்தம் அதிகமென்றால் அதன்மேல் சின்ன சாக்ஸ் போட்டுவிடலாம். இன்னொன்று, முட்டியைத் தளர்த்தாமல் கீழ்முதுகை வளைத்து இடுப்பை ஆட்டினால் முதுகுவலிதான் மிஞ்சும்.

சரி, வேர்களுக்கு வருவோம். “ஆயிரக்கணக்கான வருடப் பழமையான பெண் தெய்வ வழிபாட்டு நடனம்” என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சொல்லாதீர்கள். அமெரிக்க நடனக் கலைஞர் ஜமீலா சலிம்பூர் 1968-இல் வடக்கு கலிபோர்னியாவில், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைப் போல வேடமிட்டு நடத்தும் திருவிழா ஒன்றுக்காக பால் அனத் என்ற நடனக் குழுவை உருவாக்கினார். அவரிடம் கற்றவர் மாஷா ஆர்ச்சர், மாஷாவிடம் கற்றவர் கரோலீனா. உடையில் நம் ஊர் சோளி ரவிக்கை, ஆப்கன் நாடோடிகளின் நகை, தலைப்பாகை. கைகளில் ஸ்பெயின் நடனமான ஃபிளமெங்கோவின் சாயல். இந்தக் கலவை எந்தக் கிராமத்திலும் இருந்ததில்லை, கலிபோர்னியாவில்தான் பிறந்தது. அதைச் சொன்னால் டான்ஸின் மதிப்பு குறையாது.

ஆனால் இடுப்பசைவுகள் கலிபோர்னியாவில் பிறந்தவை அல்ல, அவற்றுக்கு உரியவர்களைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். எகிப்தில் தெருவிலும் கல்யாணத்திலும் ஆடிப் பிழைத்த கவாஸி பெண்களை 1834-இல் அன்றைய ஆட்சியாளர் முகமது அலியின் அரசு கெய்ரோவிலிருந்து தென்பகுதிக்கு விரட்டியது. தென் எகிப்தின் லக்சரில் பனாத் மாஸின் என்ற கவாஸி குடும்பத்துச் சகோதரிகள் இருபதாம் நூற்றாண்டிலும் அந்த ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டில் எல்லாப் பெண்களும் ஆடுவார்கள், ஆனால் காசுக்கு ஆடுகிறவளை மட்டும் மதிக்க மாட்டார்கள் என்கிற முரண் அங்கே இன்றும் இருக்கிறது. இதைத் தெரியாமல் மேடையேறி “அரேபியக் கவர்ச்சி” என்று போஸ்டர் அடிப்பது அந்தப் பெண்களுக்குச் செய்கிற அநியாயம். ஆட்டத்தின் நடுவே எழுப்பும் ஸகரீத் ஒலி நம் ஊர்க் குலவைதான், அதையும் கேலிக் கூச்சலாக்கிவிடாமல் நாக்கை அசைத்துச் சரியாக எழுப்பப் பழகுங்கள்.

வட ஆப்பிரிக்க அமாசிக் (பெர்பர்) இனப் பெண்களின் முகப் பச்சைக்குத்தை ஐலைனரால் வரைந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. அவர்களுக்கு அது குலத்தையும் ஊரையும் சொல்லும் குறி, மேக்கப் இல்லை. விட்டுவிடுங்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். எலக்ட்ரானிக் பாட்டுகள் சிலவற்றில் தொழுகை அழைப்பான பாங்கின் ஒலிப்பதிவைத் துண்டாக வெட்டிச் சேர்த்திருப்பார்கள், கேட்க அழகாக இருக்கிறது என்று அதற்கு இடுப்பை ஆட்டினால் அது பலரைப் புண்படுத்தும். அரபி தெரிந்த ஒருவரை உட்காரவைத்து முழுப் பாட்டையும் கேட்கச் சொல்லி, வரிகளின் பொருளைத் தெரிந்துகொண்ட பிறகு வகுப்பில் போடுங்கள்.