முதலில் பழக வேண்டிய கணினி மொழி எது? களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வழிகாட்டல்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்ததற்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் இலங்கையில் நம் பிள்ளைகளுக்கு நீண்ட ஓய்வு ஒன்று கிடைத்துவிடுகிறது. அந்த மாதங்களில்தான் என் வட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வரத் தொடங்கும். "அக்கா, ஐ.டி. படிக்கப் போறன், எந்த லாங்குவேஜ் முதல்ல பழகிறது?"

நான் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சனி, ஞாயிறில் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு புரோகிராமிங் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்கிற எல்லோருக்கும் ஒரே மொழியை நான் சொல்வதில்லை. முதலில் திருப்பிக் கேட்பேன்: எந்தப் பாடநெறிக்குப் போகிறீர்கள், கையில் என்ன லப்டொப், பிழை வந்தால் பக்கத்தில் பார்த்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் மொழியைத் தீர்மானிக்கும்.

பாடநெறியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்தாறுமூலை (கிழக்குப் பல்கலைக்கழகம்), ஒலுவில், சம்மாந்துறை (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்), ஆரையம்பதிப் பக்கம் உள்ள உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனம் என்று எங்கே போனாலும் முதல் அரையாண்டில் புரோகிராமிங் பாடம் ஒன்று இருக்கும். அது சி-யா, ஜாவாவா, பைதனா என்பதை அங்கே படிக்கிற சீனியர் ஒருவரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய வினாத்தாள் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாடநெறியின் பெயரை மட்டும் பார்த்து ஊகிக்க வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி பி.ஐ.டி. (தகவல் தொழினுட்பப் பட்டம்) செய்ய நினைப்பவர்களும் இப்படியே பாடத்திட்டத்தை முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓ.எல். (சாதாரண தர) தகவல் தொழினுட்பத்தில் பஸ்கால் படித்தோமே, அது வீணா என்று சிலர் கேட்பார்கள். வீண் இல்லை. நிக்லாஸ் விர்த் 1970-இல் மாணவர்களுக்குக் கற்பிப்பதற்கென்றே உருவாக்கிய மொழி அது. மாறி (ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்), நிபந்தனை, மடக்கு (ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது) எல்லாம் அதில் விளங்கியிருந்தால் எந்த மொழியிலும் பாதி வழி போயாயிற்று. ஏ.எல்.-இல் ஐ.சி.டி. எடுத்தவர்களுக்குப் பைதன் பழக்கம் இருக்கும். அவர்கள் புதிதாக ஒன்றைத் தேடி அலையாமல் அதையே ஆழமாகப் பிடிப்பதுதான் நல்லது.

இனி லப்டொப். நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினை வைத்துக்கொண்டு போன் செயலி செய்ய ஆசைப்பட்டு கொட்லின் என்ற ஆண்ட்ராய்ட் மொழியில் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். அதை எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவுக்குக் குறைந்தது எட்டு ஜிபி வேண்டும். நான்கில் போட்டால் அது திறப்பதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம், அப்புறமும் சுற்றிக்கொண்டே இருக்கும். பைதனை இறக்க முப்பது எம்பி அளவு டேட்டா போதும். எஸ்தோனியாவில் தார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவான தொன்னி என்ற நிரல் எழுதும் மென்பொருள் பைதனையும் சேர்த்தே கொண்டு வரும். அதை நிறுவினால் வேறொன்றும் தேவையில்லை. விண்டோஸ் 7 ஓடுகிற மெஷின் என்றால் பைதன் 3.8 தான் கடைசியாகப் போடக்கூடியது, புதியதை இறக்கி டேட்டாவை வீணாக்க வேண்டாம். சி பழகுகிறவர்கள் கோட்பிளாக்ஸ் என்ற நிரல் எழுதும் மென்பொருளை இறக்கும்போது, நிரலை மெஷினுக்கு விளங்கும்படி மாற்றும் கம்பைலருடன் சேர்ந்து வரும் பதிப்பைப் பார்த்து எடுக்க வேண்டும். வெறும் பதிப்பை எடுத்துவிட்டு "அக்கா, ரன் ஆகுதில்ல" என்று வருகிறவர்கள் நிறையப் பேர். ஜாவாஸ்கிரிப்டுக்கு எதையுமே இறக்கத் தேவையில்லை. பிரவுசரைத் திறந்து எஃப் 12 விசையை அழுத்தி, கொன்சோல் என்ற இடத்தில் எழுதத் தொடங்கலாம். பெரிய கோப்புகள் இருந்தால் இரவு டேட்டா தொடங்கும் நேரத்துக்கு விடுங்கள்.

லப்டொப்பே இல்லையா? அப்படிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்ட் போனில் பைட்ராய்ட் என்ற செயலி உண்டு. ஒருமுறை இறக்கினால் இணையம் இல்லாமலே பைதன் ஓடும். சின்னத் திரையில் உள்தள்ளலை (வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) சரியாக வைக்கக் கண் வலிக்கும்தான், முதல் இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

இப்போது பக்கத்தில் இருக்கும் ஆளைப் பற்றி. மொழிகளை ஒப்பிட்டுப் பேசும் காணொளிகள் எல்லாம் சம்பளத்தையும் வேகத்தையும் சொல்லும். தொடக்கத்தில் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இரவு பத்து மணிக்கு ஒரு பிழைச் செய்தி வரும். அது ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளை அதைப் பார்த்ததும் தனக்கு இது சரிவராது என்று முடிவெடுத்துவிடும். உண்மையில் விடுபட்டது ஓர் அடைப்புக்குறியாக இருக்கும். அந்த நேரத்தில் திரையைப் படம் எடுத்து அனுப்பினால், "பதினோராம் வரியைப் பார்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். கொழும்பில் அப்படிப்பட்டவர்கள் வகுப்பிலும் வேலைத்தளத்திலும் நிறையப் பேர் இருப்பார்கள். இங்கே களுதாவளைக்கு ஒருவர், மருதமுனைக்கு ஒருவர் என்றுதான் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே தேடுங்கள். மச்சான் ஒருவர் கல்முனையில் கடைகளுக்கு பில்லிங் செய்து கொடுக்கிறாரா? பள்ளிக்கூடத்து ஐ.சி.டி. மிஸ் போனுக்குப் பதில் சொல்வாரா? பக்கத்து ஒழுங்கையில் இரண்டாம் வருடம் படிக்கும் தம்பி இருக்கிறானா? அவருக்கு எந்த மொழி கைவந்ததோ, அதுவே உங்களுக்கு முதல் மொழி. மச்சானுக்குத் தெரிந்தது இணையத்தளங்களுக்கான பிஎச்பி மொழி என்றால், "அது பழையது" என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்க வேண்டாம். இணையத்தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் விலை குறைந்த ஹோஸ்டிங் பெரும்பாலானவற்றில் பிஎச்பி ஓடும். செய்ததை இணையத்தில் ஏற்றி வீட்டில் காட்டலாம். நான் பைதன்காரி, அதனால் என்னிடம் வருகிறவர்களுக்குப் பைதன். என் வீட்டிலிருந்து இரண்டு தரிப்பிடம் தள்ளி ஜாவா தெரிந்தவர் இருந்தால் அங்கே போகிறவர்களுக்கு ஜாவா. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

யாருமே இல்லை என்றால் பைதனை எடுங்கள். குய்டோ வான் ரொஸ்ஸம் 1991-இல் வெளியிட்ட நாளிலிருந்தே வாசிக்க இலகுவாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு வளர்ந்த மொழி அது. தமிழில் காணொளிகளும் ஓரளவு கிடைக்கின்றன.

இரண்டு மொழிகளுக்கு இடையில் மனம் ஆடினால் நான் ஒரு பரீட்சை வைப்பேன். கடன் கொப்பி. கடைக்காரர் ஒருவரின் கணக்கு: பெயரைக் கேள், தொகையைக் கேள், மொத்தத்தைக் காட்டு. ஒரு வார இறுதியில் இதை இரண்டு மொழியிலும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு மொழியின் குணமும் இதிலேயே தெரிந்துவிடும்.

மொத்தத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு, விசைப்பலகையில் தட்டிய 500-ஐயும் 250-ஐயும் அப்படியே கூட்டச் சொல்லுங்கள். தட்டியது எண்ணாக வராமல் எழுத்தாகத்தான் வரும். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு முறைப்பாடும் இல்லாமல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி 0500250 என்று காட்டும். 750 ரூபாய்க் கடனுக்குக் கடைக்காரர் ஐந்து லட்சம் கேட்பார்! பைதன் அந்த வரியிலேயே நின்று, எண்ணையும் எழுத்தையும் கூட்ட முடியாது என்று சொல்லும். ஜாவா இன்னும் கண்டிப்பு, மொத்தம் எண் என்று அறிவித்திருந்தால் ஓடுவதற்கு முன்பே மறித்துவிடும். சி-யில் எந்த வகைத் தரவை வாசிக்கிறோம் என்பதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். தவறாகக் கொடுத்தால் எங்கிருந்தோ ஒரு எண் வந்து நிற்கும்.

அடுத்து 1000 ரூபாயை மூன்று பேருக்குப் பிரியுங்கள். சி-யும் ஜாவாவும் முழு எண்களை வகுத்தால் 333 என்று சொல்லிவிட்டு மிச்ச ஒரு ரூபாயை விழுங்கிவிடும். பைதனும் ஜாவாஸ்கிரிப்டும் 333.33 என்று நீட்டிக்கொண்டு போகும். எது சரி என்று கேட்காதீர்கள், எது உங்களுக்கு விளங்குகிறது என்று பாருங்கள்.

கடைசியாக, வாடிக்கையாளரின் ஊர்ப் பெயராகக் "கல்முனை" என்று தமிழில் கொடுத்து நீளத்தைக் கேளுங்கள். நமக்கு நான்கு எழுத்து. பைதன் ஏழு என்று சொல்லும், ஏனென்றால் புள்ளியையும் உகரக் கொம்பையும் ஐகாரக் குறியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது. சி, எழுத்துகளைச் சேமிக்கும் வழக்கமான யூடிஎஃப் 8 முறையில் பைட்டுகளை எண்ணி 21 என்று சொல்லும், ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். இதைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று அரை மணி நேரம் குடைந்தவர்கள் இந்தத் துறையில் நின்றுபிடிப்பதைக் கண்டிருக்கிறேன்.

பிழைச் செய்தியை வாசிக்கும் முறையையும் சொல்லிவிட வேண்டும், ஒருவரும் இதைச் சொல்லித் தருவதில்லை. பைதனில் கடைசி வரியை முதலில் வாசியுங்கள், என்ன பிழை என்பது அங்கேதான் இருக்கும். சி-யில் நேர்மாறு: முப்பது பிழை காட்டினாலும் முதலாவதை மட்டும் திருத்திவிட்டு மீண்டும் ஓட்டுங்கள், பாதி தானாகவே மறைந்துவிடும். அரைப்புள்ளி விட்டுப்போனால் பழைய சி கம்பைலர்கள் பெரும்பாலும் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும், அப்போது நீங்கள் மேல் வரியைப் பாருங்கள். புதிதாக வரும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழில் காரணத்தைக் குறித்து வையுங்கள். ஏஐ-யிடம் கேட்பதென்றால் அந்தச் செய்தியை விளக்கச் சொல்லுங்கள். முழு நிரலையும் எழுதித் தரச் சொன்னால் கடன் கொப்பி அதனுடையது, உங்களுடையது அல்ல.

மூன்று மாதத்தில் ஐந்து மொழி என்று விளம்பரம் போடும் வகுப்புகளுக்குக் காசைக் கட்டாதீர்கள். அப்படி ஒன்றில் சான்றிதழ் வாங்கி வந்த பிள்ளையால் ஒரு மடக்கைக் கூடப் பார்க்காமல் எழுத முடியவில்லை. இணையப் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல்லைப் புரோகிராமிங் மொழி என்று சுயவிவரத்தில் போடுவதையும் விட்டுவிடுங்கள், நேர்முகத்தில் சிரிப்பார்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்கியூஎல் வேறு கதை: எந்த மொழி எடுத்தாலும் அதைப் பக்கத்தில் வைத்துப் பழகலாம்.

இரண்டாவது மொழிக்கு எப்போது போவது? கடன் கொப்பியைக் கோப்பில் சேமித்து, மறுநாள் திறந்து, ஒருவர் கட்டிய தொகையைக் கழித்து மீண்டும் சேமிக்கும் வரைக்கும் வேறெங்கும் பார்க்காமல் எழுத முடிந்தால் போகலாம். அதற்குள் கம்பஸ் திகதி வந்துவிட்டால், அங்கே நடத்தும் மொழியில் மாறி, நிபந்தனை, மடக்கு மூன்றையும் மட்டும் ஒரு கிழமை பார்த்துக்கொண்டு போங்கள். மிச்சத்தை அங்கே நடத்துவார்கள்.