குட்டிப் பச்சோந்திக்குக் கூண்டு

ஏமன் பச்சோந்திக் குட்டி வளர்க்கிறீர்களா? கண்ணாடித் தொட்டி வேண்டாம், காற்று ஓடாது. வலைக்கூண்டுதான் சரி. 40 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம் இப்போதைக்குப் போதும். வளர்ந்தபின் 120 செ.மீ. உயரம் கேட்கும். அதன் கால்விரல்கள் சுற்றிப் பிடிக்கிற அளவுக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். செம்பருத்திச் செடி ஒன்று உள்ளே இருந்தால் ஒளிந்துகொள்ள வசதி. தரையில் மண், மரத்தூள் எதுவும் வேண்டாம், பூச்சியோடு சேர்த்து விழுங்கிவிடும்.

பலர் கோட்டை விடுவது தண்ணீரில்தான். கிண்ணத்தில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். காலையும் மாலையும் இலைகள் நனையத் தெளியுங்கள், அடுத்த தெளிப்புக்குள் காயவும் வேண்டும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சாக மாறினால் தண்ணீர் போதவில்லை.

மேலே புற ஊதா பி (UVB) கதிர் தரும் குழல்விளக்கு வேண்டும், அது ஏறிச் சூடு காயும் கிளையில் வெப்பம் சுமார் 29 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள்.

அப்புறம், நம் ஊர்த் தோட்டத்துப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது இந்தியாவில் குற்றம். அதை வேலியிலேயே விட்டுவிடுங்கள்.