மாத்திரை அதேதான், நேரம்தான் மாறியது

படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் எரியும், தொண்டை வரை புளித்துக்கொண்டு வரும். பல மாதங்கள் இப்படித்தான். ஆன்டாசிட் சிரப் குடித்தால் சற்று அடங்கும், அப்புறம் பழைய கதை.

இரைப்பை குடல் மருத்துவர் முதலில் இசிஜி எடுக்கச் சொன்னார். நெஞ்சு எரிந்தால் இதயத்தை முதலில் பார்ப்பதுதான் சரி. எண்டோஸ்கோபியில் புண் எதுவும் இல்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் தளர்ந்து அமிலம் மேலேறுகிறது என்றார்.

அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை 40 மி.கி. ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருந்தேன், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. மருந்துக்கடையில் அப்படித்தான் சொன்னார்கள். அமிலம் சுரக்கும் பம்புகள் வேலை செய்யும்போதுதான் அந்த மாத்திரை அவற்றை அடைக்கும். பம்புகள் முடுக்கம் எடுப்பது சாப்பிடும்போது. அதனால் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்னார் மருத்துவர். சில நாளிலேயே வித்தியாசம் தெரிந்தது.

இரவு ஏழரைக்கே சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 செ.மீ. போல உயர்த்தினேன். தலையணைகளை அடுக்குவது வீண், கழுத்து மடங்கி வயிறுதான் அமுங்கும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நிஜமாகவே உதவுகிறது. காரம் என்னை ஒன்றும் செய்யவில்லை; ராத்திரி பரோட்டாவும் மாலைக் காபியும்தான் வில்லன்கள்.

மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் வேகமாகத் திரும்பலாம் என்று, 20 மி.கி.க்குக் குறைத்துப் பிறகு நிறுத்தினார். விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ செங்கல் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.