சமையல் மேடையின் பழைய மைக்கா: மேலேயே ஒட்டலாமா, மேடையையே மாற்ற வேண்டுமா?

மைக்கா எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், டார்ச்சை எடுத்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் பாருங்கள். சிங்க் உட்கார்ந்திருக்கும் ஓட்டையின் விளிம்பில் பலகை வெட்டுப்பட்ட பக்கம் தெரியும். அதை ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். இறங்காமல் கெட்டியாக இருந்தால் மேலே புது மைக்கா ஒட்டலாம். மாவு மாதிரி உதிர்ந்தால் அந்த மேடை முடிந்தது. இந்த மேடைகளில் இருக்கும் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை) ஒருமுறை உப்பிவிட்டால் எத்தனை நாள் காயவைத்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, உள்ளே மரத்தூளைப் பிடித்திருந்த பசையே விட்டுப்போயிருக்கும். உப்பின இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அந்த இணைப்பு சரியாகத் தண்ணீர் நிற்கும் இடத்தில்தான் வரும்.

தேய்த்துப் பாலிஷ் போட்டுப் புதுசாக்க மைக்கா மரமில்லை. டிசைன் இருப்பது மேலே உள்ள ஒரே ஒரு காகிதத்தில். அது போனால் அடியில் இருப்பது பழுப்புக் காகித அடுக்குகள்தான். மேலே எப்பாக்ஸி (இரண்டு பாகம் கலந்து பூசும் கெட்டிப் பூச்சு) பூசுவது வாடகை வீட்டுக்குப் பரவாயில்லை. அடுப்புப் பக்கம் சூடான குக்கரை இறக்கி வைக்கிற வீட்டுக்கு அது தாங்காது.

பலகை நன்றாக இருந்தால் 1 மி.மீ. கனமுள்ள மைக்கா வாங்குங்கள். ஷீட் 8 அடிக்கு 4 அடி. மேடை 2 அடி அகலம் என்பதால் ஒரு ஷீட்டில் இரண்டு துண்டு வரும் என்று கணக்குப் போடுவார்கள், வராது. ஒட்டிய பிறகு இழைக்க நாலா பக்கமும் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் மேடைக்கு 24½ அங்குலம் போக, மீதி 23½ அங்குலத்தில் முன்விளிம்புப் பட்டையும் சுவரோரப் பட்டையும் எடுத்துக்கொள்ளலாம். முன்விளிம்பு வளைந்து இறங்கும் ரெடிமேட் மேடையாக இருந்தால் இந்த மைக்கா அந்த வளைவில் படியாது. வளைவை நேராக அறுத்துவிட்டு, அங்கே மரப்பட்டை அடித்துத்தான் ஒட்ட முடியும்.

சிங்க்கையும் அடுப்பையும் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வையுங்கள், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ரப்பர் பசையின் ஆவி ஒரு சின்னப் பொறியிலேயே பற்றும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். பழைய மைக்காவை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் பிடிப்பு விட்ட இடத்தில் சத்தம் மாறும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு மெட்டல் பேஸ்ட் அடைத்துச் சமப்படுத்துங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவைத்த பிறகே 80 நம்பர் உப்புத்தாள். பிசுக்கோடு தேய்த்தால் எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பளபளப்பு முழுக்கச் செத்து, வெளிறின நிறம் வரும்வரை தேய்க்க வேண்டும்.

பசை, ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற ரப்பர் பசை. வெள்ளைப் பசை இங்கே உதவாது, அது காயத் தண்ணீரை உறிஞ்சும் பரப்பு ஒன்றாவது வேண்டும். பழைய மைக்கா உறிஞ்சாது. 20 சதுர அடிக்கு 1 லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். மேடையிலும் மைக்காவின் பின்பக்கத்திலும் மெல்லிசாக இழுத்துப் பூசி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுப்பு தெரிய வேண்டும், விரலில் ஒட்டி வரக் கூடாது. மழை நாளில் இந்த வேலை வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது பசைப்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் வெண்மையாகப் படியும். அப்படி ஒட்டியது சில மாதத்தில் ஓரத்திலிருந்து எழும்பிவிடும்.

முன்விளிம்புப் பட்டையை முதலில் ஒட்டி இழைத்துவிட்டு, பிறகுதான் மேல் ஷீட். மாற்றிச் செய்தால் இணைப்புக் கோடு மேல்பக்கம் வந்து தண்ணீர் குடிக்கும். இரண்டு பசைப்பரப்பும் தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் மேடையின்மேல் அடிக்கு ஒன்றாக உலர்ந்த ரீப்பர் குச்சிகளை (மெல்லிய மரச்சட்டங்களை) குறுக்கே போட்டு, அவற்றின்மேல் ஷீட்டை வைத்து நேர் பாருங்கள். நடுக்குச்சியை உருவி அங்கே அழுத்துங்கள், பிறகு இரண்டு பக்கமாக ஒவ்வொன்றாக. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் காற்று மாட்டும். ரப்பர் ரோலர் இல்லாவிட்டால் மரக்கட்டையில் துணி சுற்றி, சுத்தியலால் தட்டிக்கொண்டே போகலாம்.

நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பை டிரிம்மரால் (மைக்கா ஓரம் வெட்டும் கை மெஷினால்) எடுத்து அரம் போடும்போது, அரத்தை டிசைன் பக்கத்திலிருந்து பலகையை நோக்கித் தள்ளுங்கள். திரும்ப இழுத்தால் பல்லுப் பல்லாய்ப் பெயரும். சிங்க் ஓட்டையின் மூலைகளை டிரிம்மர் விட்ட வளைவோடு அப்படியே விடுங்கள். கச்சிதமாக இருக்கட்டும் என்று செங்கோணமாக அராவினால், அந்த மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும்.

அடுத்தது பலரும் விட்டுவிடும் வேலை. ஓட்டையின் வெட்டுப்பக்கம் முழுக்க எப்பாக்ஸியோ ஆயில் பெயிண்டோ இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் சிலிக்கான் இழுத்துச் சிங்க்கை உட்காரவைக்க வேண்டும். மேடைகள் பெரும்பாலும் உப்புவதே இந்த இடம் பூச்சில்லாமல் விடப்படுவதால்தான். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

பிறகு எங்காவது குமிழ் எழுந்தால் மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்துப் பசையை இளக்குங்கள். உடனே கட்டையால் அழுத்தி, ஆறும்வரை பாரம் வைத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

பலகையே போய்விட்டது என்றால், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள (தண்ணீர் தாங்கும் மரைன் வகை) 19 மி.மீ. பிளைவுட் போட்டு அடிப்பக்கமும் மைக்கா ஒட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வில்லாக வளையும். கிரானைட்டுக்கு மாறுவதாக இருந்தால் எடையைக் கணக்குப் போடுங்கள். 18 மி.மீ. கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 4½ கிலோ, 10 அடி மேடைக்கு 90 கிலோ. கீழே இருக்கும் அலமாரியும் பார்ட்டிகிள் போர்டு என்றால், அதன் தலையில் இதை ஏற்றாதீர்கள். தனியாக இரும்பு ஃபிரேம் அடித்து அதன்மேல் கல்லைப் போடுங்கள்.