பத்துப் பேர் போதும் என்ற கணக்கு: ஆள் எடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் புதிதாக மசாலா, பலகாரம், துணி என்று பட்டறை போடும் பிள்ளைகள் ஆள் எடுப்பதைக் கவனித்தால், முந்தைய தலைமுறை காசைத் தொலைத்த அதே இடங்களில்தான் இவர்களும் தொலைக்கிறார்கள். விளம்பரத்தில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்கு ஆளை வரச்சொல்லிவிட்டு மறப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானே திருந்திவிடும். கீழே உள்ளவை அப்படித் திருந்துவதில்லை.

260 நாளை வைத்து ஆளை எண்ணுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பத்து நிமிடம் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் தடுத்துவிடலாம்.

ஒரு மசாலாப் பட்டறைக்கு வருஷத்துக்கு 10,40,000 பொட்டலம் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆள் நாளைக்கு 400 பொட்டலம் கட்டுவார். வாரம் ஐந்து நாள் என்றால் வருஷத்துக்கு 260 நாள், ஓர் ஆளுக்கு 1,04,000 பொட்டலம். ஆக பத்துப் பேர் போதும் என்று முதலாளி முடித்துவிடுகிறார்.

260 நாளும் வேலைக்கு வரும் ஆள் எவரும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் அரசு விடுமுறை 12. சனிக்கிழமையில் விழுவது போக 11 என்று வையுங்கள். சட்டப்படியான ஆண்டு விடுப்பு தொடர்ச்சியாக 21 நாள், ஐந்து நாள் வாரத்தில் அது 15 வேலைநாள். நோய் விடுப்பு 36 மாதத்துக்கு 30 நாள் வரை உண்டு; வருஷத்துக்கு 6 என்று எடுங்கள். சரக்கு எண்ணுவது, இயந்திரம் பழுது, பயிற்சி என்று 3. மிஞ்சுவது 225 நாள், 90,000 பொட்டலம். தேவை 11.6 ஆள்.

இத்தோடும் முடியவில்லை. ஒருவர் வேலையை விட்டால் அந்த இடம் ஆறு வாரம் காலியாகக் கிடக்கும். புதியவர் அடுத்த எட்டு வாரம் பாதி வேகத்தில்தான் கட்டுவார். மொத்தம் பத்து வார வேலை, 20,000 பொட்டலம் போச்சு. வருஷத்தில் இரண்டு பேர் விலகினால் 40,000. அதையும் சேர்த்தால் சரியாக 12 பேர், அதிலும் ஒருவர்கூட உபரி இல்லை.

பத்துப் பேரை வைத்து ஓட்டினால் நடப்பது எப்போதும் ஒரே மாதிரி. ஆகஸ்டிலேயே ஓவர்டைம் தொடங்கும். களைத்த கை பொட்டலத்தைச் சரியாக ஒட்டாது, கடைகளிலிருந்து சரக்கு திரும்பி வரும். முதலில் விலகுவது மிக நன்றாகக் கட்டுபவர்தான், ஏனென்றால் வேறிடத்தில் உடனே வேலை கிடைப்பது அவருக்கே.

வருஷம் சமமாகவும் ஓடாது. தீபாவளிக்கு முந்தைய மாதம் 1,40,000 பொட்டலம் கேட்டால், 22 வேலைநாளில் ஓர் ஆள் 8,800 கட்டுவார். 16 பேர் வேண்டும். மீதி நான்கு பேரின் வேலையை ஓவர்டைமில் பார்க்கலாமா? சட்டம் அனுமதிப்பது, ஆள் சம்மதித்தால், வாரத்துக்கு 10 மணி நேரம், ஒன்றரை மடங்கு கூலிக்கு. 12 பேருக்கு 120 மணி நேரம். 45 மணி நேர வாரத்தால் வகுத்தால் 2.7 ஆள். நான்கு பேரின் வேலை அதில் அடங்காது. தீபாவளி இங்கே அரசு விடுமுறையும் இல்லை. ஆர்டர் உச்சத்தில் இருக்கும் அதே வாரம் பாதிப் பேர் லீவு கேட்பார்கள், கேட்பதும் நியாயம். தைப்பூசக் காவடிக்கும் அப்படியே. ஜனவரியிலேயே யார் யாருக்கு எந்த நாள் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

தேவை வந்த பிறகு தேடுவது

பின்னோக்கி எண்ணுங்கள். அக்டோபர் 1-ஆம் தேதி முழு வேகத்தில் கட்டும் ஆள் வேண்டும் என்றால் பழக 8 வாரம். ஒரு வருஷம் வேலை பார்த்தவர் பழைய முதலாளிக்கு 4 வார நோட்டீஸ் தர வேண்டும். தேர்வுக்கு 2, விளம்பரத்துக்கு 2. மொத்தம் 16 வாரம், அதாவது ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் தொடங்க வேண்டும்.

பருவகால ஆளைக் காரணம் எழுதாமல் எடுப்பது

பத்துப் பேருக்குக் குறையாமல் வைத்து, இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடும் இடத்தில், சட்டம் குறித்த சம்பள வரம்புக்குக் கீழ் வாங்குபவரை மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிக ஒப்பந்தத்தில் வைக்க, சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். பருவகால வேலை அப்படிப்பட்ட காரணம்தான். ஆனால் அதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். முடியும் தேதியும் வேண்டும். "இன்னும் ஒரு மாசம் இரு தம்பி" என்று வாய்ச்சொல்லில் நீட்டிக்கொண்டே போனால், அவர் நிரந்தர ஊழியராகக் கருதப்படுவார். ஜனவரியில் அனுப்பும்போதுதான் முதலாளிக்கு அது தெரியவரும்.

வேலை விவரத்தை எழுத்தில் தராதது

முதல் நாளே கையில் தந்துவிடுங்கள்.

கல்யாணம், கர்ப்பம் பற்றிக் கேட்பது

கேட்காதீர்கள். வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் விண்ணப்பித்தவரையும் பாதுகாக்கிறது.

சொந்தக்காரப் பிள்ளை என்று சோதிக்காமல் எடுப்பது

மாமா மகனாக இருந்தாலும் தராசு முன் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம், ஒரே மசாலா, 100 கிராம் பொட்டலம். எத்தனை கட்டினார், எத்தனை எடை தவறியது, எத்தனை ஒட்டு விட்டது என்று மூன்று எண்ணைக் குறியுங்கள். வந்த எல்லோருக்கும் அதே சோதனை, அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலியும் உண்டு. வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், மாமாவிடம் காட்ட அந்த எண்கள் இருக்கும்.

தகுதிகாண் காலத்தைக் கடைசி நாளில் நினைப்பது

மூன்று மாதம் என்றால் 30, 60-ஆம் நாட்களில் உட்கார்ந்து பேச வேண்டும். எதிர்பார்த்தது 400, கட்டியது 310, இன்னின்ன உதவி செய்தோம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு 90-ஆம் நாள் "உன் வேலை சரியில்லை" என்று அனுப்பினால், அவர் 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சி.சி.எம்.ஏ.-வில் புகார் தரலாம். அங்கே உங்கள் பக்கம் எடுத்து வைக்க ஒரு தாள்கூட இருக்காது.