மக்கள்குழுக்களின் பல் அகலத்தை அளந்து ஒப்பிடுவது எப்படி

மேல் நடு வெட்டுப்பல்லின் அகலம் சுமார் 8.5 மி.மீ. குழுவுக்குக் குழு சராசரி மாறுவது பெரும்பாலும் அதில் ஒரு சிறு பின்னம்தான். அளவுப் பிழை அதைவிடப் பெரிதானால் ஒப்பீடே வீண்.

முதலில் யாரை அளப்பது என்று முடிவு செய்யுங்கள். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்கள் ஏற்றவர்கள். ஞானப்பல் தவிர நிலைப்பற்கள் பெரும்பாலும் வந்திருக்கும், தேய்மானமும் குறைவு. வயது ஏற ஏறப் பற்கள் ஒன்றோடொன்று உரசி, தொடும் பக்கங்கள் தேய்ந்து அகலம் குறையும். முதியவர்களை அளந்துவிட்டு ‘சிறிய பற்கள்’ என்று எழுதுவது தேய்மானத்தை மரபாகக் காட்டுவதாகும். பக்கவாட்டில் அடைத்த பல், கிரீடம் போட்ட பல், சொத்தை உள்ள பல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

ஆண், பெண் கணக்கைத் தனித்தனியாக வையுங்கள். ஆண்களின் பற்கள் சராசரியில் சற்றுப் பெரியவை. கோரைப்பல்லில்தான் இந்த வேறுபாடு அதிகம். ஒரு குழுவில் ஆண்கள் மிகுந்திருந்தால் அந்தக் குழுவே பெரிய பல் குழுவாகத் தோன்றும்.

அல்ஜினேட் (பல்லின் அச்சு எடுக்கும் மென்மையான பொருள்) அச்சு எடுத்ததும் தாமதிக்காமல், பல்லின் வார்ப்பு கிடைக்க, அதில் ஸ்டோன் (கெட்டியாக இறுகும் ஜிப்சம் கலவை) ஊற்றுங்கள். காற்றில் கிடந்தால் அச்சு உலர்ந்து சுருங்கும், தண்ணீரில் போட்டால் உப்பும். வார்ப்பில் குமிழி இருக்கும் பல்லை அளக்க வேண்டாம்.

0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் கேலிப்பரின் முனைகள் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த முனை பல்லிடுக்கில் நுழையாது. பக்கத்துப் பற்களைத் தொடும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள அதிகபட்ச தூரமே அகலம். கேலிப்பரைக் கடிக்கும் தளத்துக்கு இணையாகப் பிடியுங்கள். திரும்பி முளைத்த பல்லில்தான் கை தடுமாறும்: தொடுபுள்ளி இடம் மாறியிருக்கும், ஆகவே பல் நேராக இருந்தால் எங்கே தொட்டிருக்குமோ அந்த இடத்தையே எடுக்க வேண்டும். அழுத்தினால் ஸ்டோன் சுரண்டப்பட்டு, மறுமுறை அளக்கும்போது எண் குறையும்.

இரண்டு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல், சில வார்ப்புகளை மறுபடி அளங்கள். ஒவ்வொரு ஜோடி வித்தியாசத்தையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஜோடி எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதுவே டால்பெர்க் பிழை, அதாவது உங்கள் அளவுப் பிழையின் அளவு. இரண்டு குழுக்களையும் ஒரே ஆள் அளப்பது நல்லது. வேறு ஆள் அளந்த பழைய அட்டவணையோடு ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

மேல்தாடையில் நடு வெட்டுப்பல்லுக்கு அடுத்துள்ள பக்க வெட்டுப்பல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரே குழுவுக்குள்ளேயே அது மிகவும் மாறும். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பற்கள் மிகப் பெரியவற்றில் சேரும், வட ஐரோப்பாவின் சாமி மக்களுடையவை சிறியவற்றில். ஆனாலும் குழுக்களின் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரு பல்லை வைத்து ஆளின் இனத்தைச் சொல்ல முடியாது.

இந்த எண்களின் நேரடிப் பயன் பல்வரிசையைச் சீராக்கும் சிகிச்சையில்தான். 1974-இல் வந்த டனாகா–ஜான்ஸ்டன் முறையில், கீழ் நான்கு வெட்டுப்பற்களின் மொத்த அகலத்தில் பாதியுடன் 10.5 மி.மீ. கூட்டினால், கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தில் முளைக்கவுள்ள கோரைப்பல், இரு முன்கடைவாய்ப்பற்கள் ஆகியவற்றின் மொத்த அகலம் கணிப்பாகக் கிடைக்கும்; மேல்தாடைக்கு 10.5-க்குப் பதில் 11 கூட்ட வேண்டும். கீழ் வெட்டுப்பற்களின் மொத்தம் 23 மி.மீ. என்றால் கீழே 22, மேலே 22.5. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கப் பிள்ளைகளிடமிருந்து வந்த சமன்பாடு இது. உங்கள் குழுவில் அந்தப் பற்கள் முளைத்துவிட்டவர்களை அளந்து, கணிப்புக்கும் நிஜத்துக்கும் உள்ள சராசரி வித்தியாசத்தைப் பாருங்கள். அது ஒரே திசையில் சாய்ந்தால் 10.5, 11 என்ற எண்களை அந்த அளவு திருத்திக்கொண்டு, வேறொரு தொகுதி வார்ப்புகளில் சரிபாருங்கள்.