"ஊதிக் காட்டு" என்று கேட்பதற்கு முன்

பெரம்பூரில் எங்கள் தெரு அக்கா ஒருவர், துணி ஊறவைக்கும்போது பதினோராம் வகுப்பு படிக்கும் மகனின் சட்டைப் பையில் சின்ன வெள்ளைப் பொட்டலம் ஒன்றைப் பார்த்தார். டீ பேக்கைக் கால்வாசியாக வெட்டியதுபோல் இருந்தது. முகர்ந்தால் புதினா வாசம். "மவுத் ஃப்ரெஷ்னர்மா" என்றான். நம்பிவிட்டார். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே அடக்கிக்கொள்ளும் புகையிலை அது. ஆனால் அவன் முழுப்பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அதைப் போதை என்று அவனே நினைத்திருக்க மாட்டான்.

நாம் முதலில் சறுக்குவது இங்கேதான். நமக்குச் சிகரெட், பீர், கஞ்சா எல்லாமே கெட்ட பழக்கம். பிள்ளைகள் போடும் கணக்கு வேறு. சிகரெட் நாறும், மாட்டிக்கொள்வோம். வேப் என்கிற மின்சிகரெட் வெறும் ஃப்ளேவர். பீர் பிறந்தநாளுக்கு. கஞ்சா செடிதானே. வலி மாத்திரை டாக்டர் எழுதித் தருவதுதானே. இந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் புத்தி சொன்னால் ஒன்றும் காதில் ஏறாது. பெரும்பாலான வேப்பில் நிகோடின் இருக்கிறது, இந்தியாவில் 2019 முதல் அதற்குத் தடை என்பதே பலருக்குத் தெரியாது.

அடுத்தது, பயமுறுத்துவதற்காகப் பெரிதாக்கிச் சொல்வது. "ஒரு தடவை தொட்டாலே செத்துருவ" என்கிறோம். நாலு தடவை தொட்டவன் அவன் பக்கத்து பெஞ்சில் நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான். உள்ளதைச் சொன்னாலே போதும்: இழுத்த நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், யோசித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி முழுதாக வளர 25 வயது வரைகூட ஆகும், அதனால் இந்த வயதில் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் தவறு. 18 வயதுக்குக் கீழே புகையிலை விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள்ளும் கூடாது, சரி. ஆனால் "ஒரு சிகரெட் வாங்கிட்டு வா" என்று பிள்ளையைப் பெட்டிக்கடைக்கு அனுப்புவதே நாம்தானே?

மாட்டியதும் அடிப்பது, வாயை ஊதச் சொல்வது, நண்பனைத் திட்டுவது, இவற்றால் அவன் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். ஒருமுறை ருசி பார்த்தவனையும் அது இல்லாமல் இருக்க முடியாதவனையும் ஒன்றாக நினைக்காதீர்கள். தூக்கம் மாறுவது, காசு காணாமல் போவது, பிடித்த விளையாட்டை விடுவது எல்லாம் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

அந்த அக்கா பத்து நாள் கழித்து, சாப்பாடு போட்டுக்கொண்டே, "அதை வச்சா எப்படிடா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாராம். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்: "முதல்ல ஜில்லுன்னு இருந்துச்சும்மா. இப்போ காலையில வைக்கலைன்னா தலை வலிக்குது."